மூடி திரும்பி வர்ற வரைக்கும்

கீர்த்திவாசன் வர்க்கி பிஸ்கட்டு தேடப் போயிதான் அந்த லெட்டரைப் பாத்தான்.

திங்கக்கெழம சாயங்காலம். வெளிய மிஸ்ட் எறங்கி எதுத்தாப்ல இருக்கற டீத்தோட்டமே தெரியல. ரூம்மேட் விமல் குளிக்கப் போயிருந்தான். டீல நனைச்சுத் திங்க ஒரு வர்க்கியாவது மிச்சம் இருக்குமான்னு விமலோட ஷெல்ஃபுல கைய உட்டான். பாக்கெட்டுக்கு அடியில நாலா மடிச்ச ஒரு வெள்ளப் பேப்பர்.

'குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் படிப்பைத் தொடர இயலவில்லை. எனவே மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழ விமலோட கையெழுத்து. அப்பா கையெழுத்துக்கு எடம் காலி. தேதி வர்ற சனிக்கெழம.

கீர்த்திக்கு வர்க்கி ஆசையே போயிருச்சு.

விமல் தலைய தொவட்டிக்கிட்டே உள்ள வந்தான். இவன் கையில பேப்பரைப் பாத்ததும் துண்டை அப்படியே தலையிலயே உட்டுட்டு நின்னான்.

"என்றா இது?"

"டிசி லெட்டர்ண்ணே."

"அது தெரியுது. என்ன குடும்பச் சூழ்நிலை? அப்பாக்கு ஒடம்புக்கு முடியலையா?"

"இல்லண்ணே. நல்லாத்தான் இருக்காங்க."

"அம்மா?"

"அம்மாவும் நல்லாத்தான் இருக்காங்க. சனிக்கெழம அப்பா வர்றாங்க. கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

"அப்பறம் என்ன எழவுக்குடா போற?"

"ஒண்ணுமில்லண்ணே"ன்னு சொல்லிட்டு விமல் பெல்ட்டைப் போட ஆரம்பிச்சான். அந்தப் பெல்ட்டுல கம்பெனிக்காரன் போட்ட அஞ்சு ஓட்டை. அதுக்கு அப்பறமா காம்பஸ் முனைல குத்துன ஓட்டை மூணு. ரெண்டு ஓட்டை இருந்தப்பவே கீர்த்தி பாத்திருக்கான். அது ஏதோ ஸ்டைலுன்னு நெனச்சுட்டான்.

கோத்தகிரிப் பக்கம், கட்டபெட்டு தாண்டி ஒரு மேட்டுல இருக்கற பாலிடெக்னிக் அது. ஹாஸ்டல்ல மொத்தம் முப்பத்தேழு பசங்க. கீர்த்தி ரெண்டாவது வருசம், கோயமுத்தூர் சிங்காநல்லூர்ல அவங்கப்பா ஹார்டுவேர் கடை வெச்சிருக்காரு. விமல் மொதல் வருசம். கூடலூர் தாண்டி சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட்டுத் தொழிலாளிங்க குடியிருக்கற லைன் வரிசைல ஊடு. அப்பா பரமசிவன் டீ ஃபேக்டரில வேலை. அம்மா ராஜகுமாரி கொழுந்து எடுக்கறவங்க. கீர்த்தி அடிக்கற மொக்கை ஜோக்குக்கெல்லாம் வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கற ஒரே ஜீவன் அந்த ஹாஸ்டல்லயே விமல்தான். அந்தச் சிரிப்பு நின்னு ரெண்டு மாசம் ஆச்சுங்கறது, லெட்டரைப் பாத்ததுக்கு அப்பறந்தான் இவனுக்கு ஒறைச்சுது.

இதுல இன்னொரு விசயமும் இருக்குது. கீர்த்திதான் மெஸ் செக்ரட்டரி. எப்படி ஆனான்னா, தேர்ந்தெடுக்கற மீட்டிங்குக்கு அவன் போகல. வராதவன் தலையில கட்டறதுதான் அங்க வழக்கம். கட்டுனதுக்கப்பறம் அவனுக்கே ஒரு வேகம் வந்திருச்சு, எதாவது சாதிக்கோணும்னு.

ரூம்புக எல்லாம் மேட்டுல. மெஸ் கீழ பள்ளத்துல. நடுவுல அறுவத்தெட்டுப் படி. காலைல ஏழரைக்கு அந்தக் குளுருல, பாசி புடிச்ச படியில எறங்கிப் போயி இட்லி திங்கறதுக்கு யாருக்கு மனசு வரும்? மூணு மாசம் முன்னாடி கீர்த்தி போட்டான் பாருங்க ஒரு திட்டம். ஆளுக்கு ஊட்டுல இருந்து ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மூடில பெயிண்ட்டுல ரூம் நம்பர். சாப்பாட்டைக் கட்டி ரெண்டு பெரிய கூடைல வெச்சு, முறை போட்டு ரெண்டு பேரு மேல தூக்கிட்டு வந்து ரூமுக்கு ரூமு வெச்சிருவாங்க. போர்வைக்குள்ள உக்காந்தே திங்கலாம். அன்னைக்குப் பசங்க அவனைத் தோள்ல தூக்கிட்டு சுத்துனாங்க. வார்டன் ஜஸ்டஸ் சாரே அசெம்ப்ளில பேரு சொல்லிப் பாராட்டுனாரு. மெஸ்ல இருந்த தட்டையெல்லாம் பரண்ல ஏத்தியாச்சு.

அவனுக்கு அதுல தப்பு ஒண்ணும் தெரியல. அவங்க ஊட்டுலயே அப்படித்தான். அப்பா கடையில திம்பாரு, அம்மா சீரியல் முன்னாடி, அண்ணன் மாடில லேப்டாப் முன்னாடி. பசிச்சவன் போட்டுத் தின்னுட்டுப் போயிட்டே இருக்க வேண்டியதுதான்.

மொதல் மாசம் சொர்க்கமாட்டத்தான் இருந்துச்சு. அப்பறம் மெதுவா ஒவ்வொண்ணாக் கெட்டுச்சு. ஏழரைக்கு வந்த பாக்ஸை எட்டே முக்காலுக்கு எந்திரிச்சுப் பாத்தா இட்லி கல்லா இருக்கும். ஜன்னல் வழியா வீசிட்டு, ரெண்டு வர்க்கிய டீல முக்கித் தின்னுட்டு கிளாசுக்கு ஓடுவானுங்க. அசெம்ப்ளில மூணு பேரு மயக்கம் போட்டு உழுந்தானுங்க. செக்கப்புக்கு வந்த நர்ஸம்மா, "காலைல என்ன தம்பி சாப்ட்டீங்க?"ன்னு கேட்டா, முப்பத்தேழுல இருவத்தொம்போது பேரு "வர்க்கி"ங்கறான். ரத்தம் கம்மி, ரத்தம் கம்மின்னு எழுதி எழுதியே அந்தம்மா பேனா தீந்து போச்சு. மூணாம் நம்பர் ரூம் பையன் ஒருத்தன் மஞ்சக்காமாலைன்னு ஊருக்குப் போயி பத்து நாள் கழிச்சு வந்தான். போனதே யாருக்கும் தெரியல. அவன் பாக்ஸு மட்டும் முறையா வாசல்ல வந்து வந்து உக்காந்திருக்குது.

கீர்த்தி இதையெல்லாம் க்ளைமேட்டுன்னு நெனச்சுட்டான்.

செவ்வாக்கெழம அவன் அருள்ராஜ்கிட்ட யோசனை கேட்டான். அருள்ராஜ் வெலிங்டன்காரன். அப்பாக்கு ராணுவ ஸ்டோர்ல சிவிலியன் வேலை. அதனால தனக்கு எல்லா விசயத்துலயும் போர்த்தந்திரம் தெரியும்னு ஒரு நெனப்பு.

"லவ் ஃபெயிலியர்டா. நூத்துக்கு நூறு"ன்னான் அருள்ராஜ். நேரா விமல்கிட்டப் போயி தோள்ல கையப் போட்டு, "பொண்ணு பேரு என்ன தம்பி?"

"எந்தப் பொண்ணுண்ணே?"

"அதான் நானும் கேக்கறேன், எந்தப் பொண்ணு?"

"தெரியலையேண்ணே. நீங்களே சொல்லுங்க."

அருள்ராஜ் திரும்பி வந்து, "கேஸு ரொம்ப முத்திருச்சு மாப்ள. பேரே மறந்துட்டான்"னான்.

கீர்த்தி அடுத்ததா, சோறு புடிக்கலியோ என்னமோன்னு நெனச்சு கோத்தகிரிக்கே பஸ் ஏறிப் போயி நாலு புரோட்டாவும் சால்னாவும் வாங்கிட்டு வந்தான். சால்னா பையில கொட்டி ரெக்கார்டு நோட்டுல பாதி ஊறிப் போச்சு. பரவால்ல. விமல் முன்னாடி விரிச்சு வெச்சான். கூச்சப்படாம நிம்மதியாத் திங்கட்டும்னு, கதவைச் சாத்திட்டு அருள்ராஜ் ரூமுக்குப் போயிட்டான். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா, நாலு புரோட்டாவுல ஒண்ணுல மட்டும் ஒரு ஓரமா எறும்பு கடிச்சாப்ல ஒரு கடி.

"நல்லா இருந்துச்சுண்ணே"ன்னான் விமல்.

கீர்த்தி விரல் உட்டு எண்ணுனான். இன்னும் நாலே நாளு.

புதன்கெழம விடிகாலைல, ஆறு மணி இருக்கும், கீழ மெஸ்ல இருந்து ஒரு சத்தம். மருதாம்பாக்காதான். மெஸ்ஸுல சமையல் அவங்கதான். அவங்க சாதாரணமாப் பேசுனாலே மேட்டுக்குக் கேக்கும், அன்னைக்குப் போட்ட சத்தம் கோத்தகிரிக்கே கேட்டிருக்கும். பசங்க எல்லாம் ஜன்னல்ல தொங்கிட்டுப் பாத்தா, அறுவத்தெட்டுப் படியில நட்ட நடுப்படியில ஒரு கரடி உக்காந்திருக்குது.

சும்மா உக்காரல. ரெண்டு கையிலயும் ஒரு டிபன் பாக்ஸைப் புடிச்சுட்டு, மூடியப் பல்லுல நெம்பித் தொறந்து, உள்ள இருந்த சாம்பார் சாதத்தை நாக்கால வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு இருந்துச்சு. ஜன்னலுக்குக் கீழ வீசுன இட்லி, தோசையெல்லாம் தின்னு ருசி கண்டு அது பத்து நாளாவே வந்துட்டுப் போயிட்டு இருந்துதாம். முந்தின நாளு திரும்பி வந்த பாக்ஸை மெஸ் வாசல்ல கூடையோட அப்படியே உட்டுட்டாங்க. அதுல ஒண்ணுதான் அது.

தின்னு முடிச்சு, பாக்ஸை படியில வெச்சுட்டு, ஒரு அவசரமும் இல்லாம தேயிலைக்குள்ள எறங்கிப் போச்சு.

மருதாம்பாக்கா வெளக்குமாறோட வெளிய வந்து பாக்ஸை எடுத்துப் பாத்தாங்க. "ஆறு மாசமாச் சமைக்கறேன். பருக்கை மிச்சமில்லாமத் தின்ன மொதல் ஆளு இதுதானுங்க சார்"னு ஜஸ்டஸ் சார்கிட்டச் சொன்னாங்க. அப்பறம் கீர்த்தியப் பாத்து, "ஏனுங்க செக்ரட்டரி, இந்தப் பாக்ஸு உங்க ரூம்தாங்க"ன்னு மூடிய நீட்டுனாங்க.

மூடில 14 பி. விமலோடது. நடுவுல கரடிப் பல்லு பதிஞ்சு ரெண்டு குழி.

"தெனமும் இது ஒண்ணு மட்டும் தொறக்காமயே வருதுங்க கண்ணு. ஒரு நாளா ரெண்டு நாளா? நானும் அந்தத் தம்பி ஊட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சேன். பெத்தவ பாத்தா என்னையில்ல கரிச்சுக் கொட்டுவா."

கீர்த்தி மூடிய வாங்கி அந்த ரெண்டு குழியையும் விரலால தடவுனான்.

ஃபாரஸ்ட் ஆபீஸ்ல இருந்து கார்டு ஒருத்தரு வந்தாரு. ஜன்னலுக்குக் கீழ கெடந்த குப்பையப் பாத்தாரு. ரூமுல ஒரு பருக்கை இருக்கக் கூடாது, சாப்பாடெல்லாம் கீழ மெஸ்ஸுல மட்டும், ராத்திரிச் சாப்பாடும் வெளிச்சம் இருக்கறப்பவே ஆறு மணிக்குள்ள முடிஞ்சிரோணும்னு சொல்லிட்டுப் போனாரு. அதோட பார்சல் திட்டம் காலி. தோள்ல தூக்குன அதே பசங்க, "உன்னாலதாண்டா கரடி வந்துச்சு"ன்னு கீர்த்திய மொறைச்சானுங்க.

சாயங்காலம் ஜஸ்டஸ் சார் ரூம் ரூமா செக்கிங் வந்தாரு. அடேங்கப்பா, அன்னைக்கு வெளிய வந்த பண்டத்தை வெச்சு ஒரு கடையே போட்டிருக்கலாம். போர்வீரன் அருள்ராஜ் பெட்டியில இருந்து மூணு பாட்டில் ஹார்லிக்ஸும் ஒரு டப்பா கருவாட்டுத் தொக்கும். சோலூர்க்காரப் பையன் கட்டிலுக்கு அடியில மண்ணு காயாத கேரட்டு ஒரு மூட்டை. ஒருத்தன் தலகாணி ஒறைக்குள்ள அதிரசம். எல்லாத்தையும் மெஸ் மேசை மேல கொண்டு போயி வெக்கச் சொன்னாரு.

பதினாலாம் நம்பருக்கு வந்தாரு. விமல் ஷெல்ஃபுல அந்த வர்க்கிப் பாக்கெட்டைத் தவிர ஒண்ணுமில்ல. கீர்த்தியோட பெட்டியத் தொறந்தாரு. மடிச்சு வெச்ச ஸ்வெட்டருக்கு அடியில ஒரு பெரிய டப்பா. அவங்கம்மா மாசாமாசம் குடுத்து உடற நெய் முறுக்கும் தேங்கா பர்ஃபியும்.

ஜஸ்டஸ் சார் எப்பவுமே அதிகம் பேச மாட்டாரு. டப்பாவை எடுத்து கீர்த்தி கையில குடுத்துட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாரு. விமல் பக்கத்துலயே நிக்கறான். ஆறு மாசமா ஒரே ரூமு. ஒரு முறுக்கு நீட்டுனதில்ல.

"டேய், இது வந்து..."

"தெரியும்ண்ணே. போர்வைக்குள்ள சத்தம் கேக்கும். மொத ரெண்டு நாளு எலின்னு நெனச்சேன்."

கீர்த்திக்கு அந்தக் கரடி தன்னையே தூக்கிட்டுப் போயிருந்தாக் கூடத் தேவலன்னு இருந்துச்சு.

"ஏன்டா சாப்புட மாட்டேங்கற? உண்மையச் சொல்லு."

விமல் கட்டில்ல உக்காந்தான். "பசிக்குதுண்ணே. பசிக்காம இல்ல. பாக்ஸைத் தொறந்து வெச்சுட்டுச் செவத்தைப் பாத்தா, உள்ள எறங்க மாட்டேங்குது. ஊர்ல நான் ஒரு நாளும் தனியாச் சாப்ட்டதில்ல. லைன்ல யாருமே தனியாச் சாப்புட மாட்டாங்க. இதைப் போயி லெட்டர்ல எழுத முடியுமா? சிரிப்பாங்க. அதான் குடும்பச் சூழ்நிலைன்னு போட்டேன்."

கீர்த்தி சிரிக்கல. நாலு புரோட்டாவை வெச்சுட்டுக் கதவைச் சாத்திட்டுப் போனது ஞாபகம் வந்துச்சு.

வியாழக்கெழம காலைல முப்பத்தேழு பேரும் குளுருல நடுங்கிட்டு அறுவத்தெட்டுப் படி எறங்குனாங்க. மெஸ் பள்ளத்துல இருக்கறதால அங்க டவர் சுத்தமா எடுக்காது. பசங்க ஆளுக்கு ஒரு மூலையப் புடிச்சுட்டு, செத்துப்போன ஃபோனை வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்தானுங்க. தட்டுங்க பரண்ல இருந்ததால மருதாம்பாக்கா பொங்கலை அதே பாக்ஸுலதான் போட்டுக் குடுத்தாங்க. கீர்த்தி வம்பா விமலை இழுத்துட்டுப் போயி அருள்ராஜுக்கும் தனக்கும் நடுவுல உக்கார வெச்சான்.

விமல் பாக்ஸைத் தொறந்தான். கரடி கடிச்ச மூடியத் திருப்பி வெச்சு, அதுல ஒரு கை பொங்கல் எடுத்து வெச்சு, அருள்ராஜ் பக்கம் தள்ளுனான். தன்னோட பாக்ஸைத் தொடல.

அருள்ராஜ் பாத்தான். "எனக்கா? தேங்ஸ்டா தம்பி"ன்னு மொத்தத்தையும் ஒரே வாயில போட்டு, மூடிய வழிச்சு, சுத்தமாத் திருப்பிக் குடுத்தான்.

விமல் மூடியப் பாத்தான், அருள்ராஜைப் பாத்தான். அப்பறம் சிரிக்க ஆரம்பிச்சான். அந்தப் பழைய சிரிப்பு, வயித்தைப் புடிச்சுட்டு. மூலையில இருந்தவனெல்லாம் திரும்பிப் பாத்தான்.

"என்றா?"ன்னான் அருள்ராஜ், வாய் நெறையப் பொங்கலோட.

"அது உங்களுக்கு இல்லண்ணே! அது சுத்தணும்!"

"சுத்தணுமா? என்ன சுத்தணும்?"

விமல் கண்ணைத் தொடைச்சுட்டுச் சொன்னான். மலையில கொழுந்து எடுக்கறவங்க பகல் சாப்பாட்டுக்கு வட்டமா உக்காருவாங்களாம். எடுத்த ஒடனே யாரும் அவங்கவங்க பாக்ஸுல கை வெக்கக் கூடாது. மொதல்ல மூடில கொஞ்சம் வெச்சுப் பக்கத்து ஆளுகிட்டத் தள்ளணும். அவங்க அதுல ஒரு வாய் எடுத்துட்டு, அவங்களோடதுல ஒரு வாய் வெச்சு அடுத்த ஆளுக்குத் தள்ளணும். சுத்தி முடிச்சு மூடி திரும்பி வர்றப்போ அதுல எல்லார் ஊட்டுச் சாப்பாடும் இருக்கும். அப்பறந்தான் சாப்புடணும். மூடி திரும்பி வர்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. "எங்க அப்பாயி அப்பாரு காலத்துல, சிலோன்ல இருந்தே அப்படித்தானாம்ண்ணே. லைன்ல ஊட்டுக்குள்ளயும் இதேதான்."

அருள்ராஜ் யோசிச்சான். "எல்லாஞ் சரி தம்பி. இங்க எல்லார் பாக்ஸுலயும் அதே பொங்கல்தான இருக்குது? ஒரு பொங்கலை முப்பத்தேழு பேருகிட்டச் சுத்த உட்டா, முப்பத்தேழு பேரு கைபட்ட அதே பொங்கல் திரும்பி வரும். இதுல என்ன லாபம்?"

விமலும், "அதுவும் சரிதான்"னு தலையைத் தொங்கப் போட்டான்.

கீர்த்தி கண்ணு அப்பத்தான் ஓரத்து மேசைக்குப் போச்சு. நேத்துப் புடிபட்ட பண்டமெல்லாம் அங்க குமிஞ்சு கெடக்குது. எந்திரிச்சுப் போனான். எல்லாருக்கும் முன்னாடி தன்னோட டப்பாவை எடுத்துட்டு வந்து, ரெண்டு முறுக்கை ஒடைச்சு தன் மூடில வெச்சு, விமல்கிட்டத் தள்ளுனான்.

"எலி குடுக்குது, வாங்கிக்கோ"ன்னான்.

விமல் ஒரு துண்டு எடுத்தான். அவ்வளவுதான், சோலூர்க்காரன் கேரட்டோட வந்தான், அருள்ராஜ் தொக்கை எடுத்தான், அதிரசக்காரன் தலகாணிப் பஞ்சைத் தட்டி உட்டுட்டு வந்தான். மூலையில இருந்த பெஞ்செல்லாம் தானா நகந்து நடுவுக்கு வந்துச்சு. பொங்கலுக்குக் கருவாட்டுத் தொக்கு சேருமா சேராதான்னு ஒரு சண்டை. சேரும்னு ஏழு பேரு, வாந்தி வரும்னு முப்பது பேரு. அந்தச் சண்டையிலதான் மூணாம் நம்பர் ரூம் பையனுக்கு மஞ்சக்காமாலை வந்ததே எல்லாருக்கும் தெரிஞ்சுது. "சொல்லவே இல்லையேடா!"ன்னு கேட்டா, "யாருகிட்டடா சொல்றது?"ங்கறான்.

விமல் மூடி சுத்தி வந்துச்சு. அதுல இருந்ததையும் தின்னான், பாக்ஸுல இருந்ததையும் தின்னான். அப்பறம் மருதாம்பாக்காகிட்டப் போயி, "அக்கா, இன்னும் கொஞ்சம்"னு நீட்டுனான். அந்தம்மா கரண்டிய வெச்சுட்டு, முந்தானையால மூஞ்சியத் தொடைச்சுட்டு, "புகைங்க கண்ணு, வேற ஒண்ணுமில்ல"ன்னாங்க. மெஸ்ஸுல கேஸ் அடுப்பு.

வெள்ளிக்கெழமைக்குள்ள ஊட்டுக்கு ஃபோன் பறந்து, "அம்மா, ஏதாவது குடுத்து உடு, எனக்கில்ல, மூடிக்கு"ன்னு கேக்கற அளவுக்கு வந்திருச்சு. அசெம்ப்ளில யாரும் உழுகல. ரெண்டே நாள்ல ரத்தம் ஊறிருமான்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க. ஆனா காலைல வயித்துல சுடச்சுட ஏதோ போயிருந்துச்சு, பக்கத்துல நிக்கறவன் பேரும் தெரிஞ்சிருந்துச்சு.

கீர்த்திக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒதைப்புதான். விமல் லெட்டரைக் கிழிக்கல. ஷெல்ஃபுல இருந்து சட்டைப்பைக்கு மாத்தியிருந்தான். கேட்டா, "அப்பா லீவு போட்டுட்டாங்கண்ணே, வந்துருவாங்க"ன்னு மட்டும் சொல்றான். இருக்கறேன்னும் சொல்லல, போறேன்னும் சொல்லல.

சனிக்கெழம பன்னண்டேகாலுக்குப் பரமசிவன் வந்து எறங்குனாரு. விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறுன மனுசன். தோள்ல ஒரு பை, கையில சாப்பாட்டோட ஒரு தூக்குப்போசி. மகன் மூஞ்சியப் பாத்தாரு, பெல்ட்டைப் பாத்தாரு, ஓட்டைய எண்ணுனாரு.

"என்னாப்பா, எலும்பெடுத்துப் போயிட்ட. அம்மா பாத்தா அழுவா. சரி, கையெழுத்து எங்க போடணும்?"

"ஆபீஸ்லப்பா. ஒரு மணிக்குப் பூட்டிருவாங்க."

கீர்த்தி குறுக்க பூந்தான். "மொதல்ல சாப்புடுங்கப்பா. அஞ்சு நிமிசந்தான். ஆபீஸ் எங்க ஓடிப் போகுது?"

ஆபீஸ் ஓடாது, கிளார்க்குதான் ஓடுவாரு. அது கீர்த்திக்கு நல்லாவே தெரியும்.

மெஸ்ஸுல விமல் பக்கத்துல அப்பாவை உக்கார வெச்சாங்க. தூக்குப்போசியத் தொறந்தாரு. தேங்கா ரொட்டி, ஒரு அடுக்கு. தொட்டுக்க செவச்செவன்னு தேங்காச் சம்பல். அந்த வாசனைக்கு முப்பத்தேழு மூக்கும் ஒரே பக்கம் திரும்புச்சு. பரமசிவன் ரொட்டியப் பிச்சு மூடில வெக்கப் போறாரு, அவருக்கு முன்னாடியே விமல் தன் மூடிய நீட்டிட்டான்.

"என்னாடா, இங்கயும் மூடி சுத்துதா?"

"சுத்துதுப்பா. இந்தா, இது கரடி கடிச்சது."

"கரடியா!"

அந்தக் கதைய அருள்ராஜ் சொல்ல ஆரம்பிச்சான். அவன் வாயில கரடி ரெண்டாச்சு, அப்பறம் குட்டியோட மூணாச்சு. மூடி ரொட்டியும் சம்பலுமா அந்தக் கோடிக்குப் போச்சு. சம்பல் காரத்துல சோலூர்க்காரன் கேரட்டைத் தண்ணிக்குப் பதிலாக் கடிச்சுத் தின்னான். பரமசிவன் தன்னோட பங்கைத் தொடாம கையக் கட்டிட்டு உக்காந்திருக்காரு. காலைல அஞ்சு மணிக்குக் குடிச்ச பாலில்லாத சாயத்தண்ணி டீயோட வந்த மனுசன். அவரு வயிறு சத்தம் போட்டது அடுத்த பெஞ்சுக்குக் கேட்டுது. முப்பத்தேழு பேரைச் சுத்தி வர்ற மூடிய அவரு வாழ்க்கையில பாத்ததில்ல.

பன்னண்டு நாப்பது. மூடி சுத்தி வந்துட்டே இருக்குது. முறுக்கு, வர்க்கி, கேரட்டு, அதிரசம், மேல ஒரு அப்பளம். இன்னும் நாலு பேரு. மூணு. கீர்த்தி கைக்கு வந்துச்சு. அடுத்தது விமல்தான்.

கீர்த்தி அதுல இருந்ததையெல்லாம் அப்படியே எடுத்து பரமசிவன் தட்டு மாதிரி வெச்சிருந்த தூக்குப்போசி மூடில கொட்டுனான். "சாப்புடுங்கப்பா, இங்க விருந்தாளிக்குத்தான் மொதல்ல." அவரு அந்தக் குமியலைப் பாத்துச் சிரிச்சுட்டே கை வெச்சாரு. அந்த ஒரு நிமிசத்துல, காலி மூடி கீர்த்தி தொடைக்கு அடியில போயிருச்சு.

பன்னண்டு அம்பது. பரமசிவன் வாயைத் தொடைச்சாரு. "போலாமா விமலு? ஆபீஸு பூட்டிரப் போறாங்க."

விமல் பெஞ்சைப் பாத்தான், அந்தக் கோடியப் பாத்தான். "என் மூடி இன்னும் வரலியேப்பா."

"மூடி வராம எப்புடி எந்திரிக்கறது?"ன்னாரு பரமசிவன், அது ஒரு சட்டம் மாதிரி. அவருக்கு அது சட்டந்தான். "யாருப்பா அங்க மூடிய வெச்சிருக்கறது? வெரசாத் தள்ளுங்க."

முப்பத்தஞ்சு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தான். அருள்ராஜ் மேசைக்கு அடியில குனிஞ்சு தேடறாப்ல நடிச்சான். ஜஸ்டஸ் சார் மோரை ஊத்தி ரொம்ப நேரமாக் குடிச்சுட்டு இருந்தாரு. மருதாம்பாக்கா சமையக்கட்டு வாசல்ல நின்னு, "கரடி வந்து எடுத்துட்டுப் போயிருச்சோ என்னமோ"ன்னாங்க.

கீர்த்தி ஆடாம அசையாம உக்காந்திருந்தான். மூடியோட விளிம்பு தொடையில அறுக்குது. நெத்தியில அந்தக் குளுருலயும் வேர்வை. விமல் பக்கம் திரும்பவே இல்ல. மெதுவா, அவனுக்கு மட்டும் கேக்கறாப்ல சொன்னான்: "நான் உனக்கு ஒரு முறுக்கு கூடக் குடுக்கலடா. என்னைத் திட்டிட்டுப் போ. சும்மா மட்டும் போகாத."

விமலோட கண்ணு கீர்த்தியோட முட்டிக்குக் கீழ ஒரு தடவை போயிட்டு வந்துச்சு. அங்க எவர்சில்வர் ஓரம் ஒரு விரக்கடை வெளிய மின்னிட்டு இருந்துச்சு. பாத்துட்டு, கைய நீட்டி எடுத்திருக்கலாம். எடுக்கல. மேசை மேல முழங்கையை ஊணி உக்காந்து, "வரட்டும்ப்பா. பொறுமையா வரட்டும்"னான்.

மேல ஆபீஸ் கதவு சாத்தற சத்தம். அப்பறம் கிளார்க்கோட ஸ்கூட்டர் ரெண்டு தடவ இருமிட்டு, கட்டபெட்டுப் பக்கம் எறங்கிப் போச்சு.

பரமசிவன் அந்தச் சத்தத்தைக் கேட்டாரு. மகனைப் பாத்தாரு, வேர்த்து ஊத்தற கீர்த்தியப் பாத்தாரு. கொழுந்து எடுக்கற கூட்டத்துல மூடிய ஒளிச்சு வெச்சு வெளையாடறது அவருக்குப் புதுசில்ல போலிருக்கு. தூக்குப்போசிய எடுத்துப் பையில வெச்சாரு.

"நான் ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போறேன்ப்பா. கையெழுத்துக்குன்னு இனிமே என்னால லீவு போட முடியாது. பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்போ, மூடி கெடைச்சிருந்தா எடுத்துட்டு வா. அம்மா பாக்ஸை எண்ணுவா."

விமல் சட்டைப்பையில இருந்த பேப்பரை எடுத்தான். நாலா மடிச்சிருந்ததை விரிச்சு, மிச்சம் இருந்த ரெண்டு ரொட்டிய அதுல சுத்தி அப்பா பையில வெச்சான். "வழியில சாப்புடுங்க. தனியாச் சாப்புடாதீங்க, பக்கத்து சீட்டுக்காரருக்குக் குடுங்க."

அவரை பஸ் ஏத்தி உட அருள்ராஜ் முன்னாடி பையத் தூக்கிட்டு ஓடுனான், பின்னாலயே பாதிப் பசங்க. கீர்த்தி மட்டும் எந்திரிக்க முடியாம உக்காந்திருந்தான். கால் மரத்துப் போச்சு.

விமல் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தான்.

"அண்ணே, எந்திரிங்க. கரடி கூட மூடிய இவ்வளவு நெளிக்கல."